முகமில்லாத படம்

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் வாசற்கதவோடு நின்றேன். வலது கைப்பக்கம் விளக்குச் சுவிட்சுகள். பெயர்கள் ஓடி முடிந்ததும் மண்டப விளக்கைப் போட வேண்டும். திரைப்பட விழா நாட்களில் அது என் வேலை.

போட்டேன். சனம் கைதட்டியது.

நடுவரிசையில் ஒக்சானா எழும்பினாள். உக்ரைன்காரி. ஒஸ்லோவில் இந்தத் திரையரங்கில் என்னோடு துப்புரவு வேலை செய்பவள். மேடையைப் பார்த்து நடந்தாள்.

பின்வரிசையில் ஒரு ஆள் போனைத் தூக்கினான். பிறகு இன்னொருவர். பிறகு எல்லாப் பக்கமும் போன்.

அவளுடைய தகப்பன் ஊரில் இருக்கிறார். அந்த ஊர் இப்போது ரஷ்ய ஆமியின் கையில். மகளின் முகம் வெளியே வந்தால் தகப்பன் வீட்டுக்கு ஆள் போகும். இதை எனக்கு இரண்டு வருடமாகச் சொல்லி வந்தவள் அவளேதான்.

என் கை திரும்பவும் சுவிட்சுக்குப் போனது.

அதைச் சொல்ல முதல் வேறு சிலதைச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் குடித்தவர்கள்

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து ஆசிரியர் என் படம் கேட்கிறார். மற்றவர்கள் எழுதும் பக்கங்களில் மேலே வட்டத்துக்குள் முகம் இருக்கும். என் பக்கத்தில் ஒரு பேனாப் படத்தைக் கீறி விட்டிருக்கிறார்கள். வாசகர் ஒருவர் எனக்குத் தலைக்கனம் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் வெட்கமா என்று கேட்டிருந்தார்.

பயம். வேறொன்றுமில்லை.

ஊரில் கடைசிச் சண்டை நடந்த மாதங்களில், அதை நிறுத்தச் சொல்லி ஒஸ்லோப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். வேலை முடிந்த கையோடு போவேன். கையில் மெழுகுதிரி. எதிர் நடைபாதையில் ஒருவன் கமராவோடு நிற்பான். எங்கள் ஆள் போலத்தான் இருந்தான். நீ ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்குள் கமராவோடு திரிகிறவர்கள் நிறையப் பேர்.

சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் மன்னாரில் அக்கா வீட்டுக்கு இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் போயிருக்கிறார்கள். ஒரு படத்தைக் காட்டினார்களாம். மெழுகுதிரியோடு நான்.

“இது உங்கடை தம்பியோ?”

“ஓம்.”

“சுகமாய் இருக்கிறாரோ?”

“ஓம்.”

“குடிக்கத் தண்ணி தாங்கோ அக்கா.”

குடித்தார்கள். கிளாசைக் கழுவின கிளாஸ் மாதிரிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். ஒரு சொல் பிழையாகக் கதைக்கவில்லை.

அக்கா பிறகு அந்தக் கிளாசைப் பாவிக்கவில்லை. அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டா.

“எறியன்” என்றேன் போனில்.

“எறிஞ்சால், ஏன் எறிஞ்சனி எண்டு வந்து கேப்பாங்களடா” என்றா.

அன்றிலிருந்து நான் படத்துக்கு நிற்பதில்லை. என் மகளின் கலியாண அல்பத்தில் தகப்பன் இல்லை. கோயில் திருநாளில் கமரா வந்தால் தூணுக்குப் பின்னால் போவேன். மனைவி ரெஜினா தொடக்கத்தில் சண்டை பிடித்தாள்.

“இஞ்சாருங்கோ, பொம்பிளையின்ரை தேப்பன் கலியாண வீட்டிலை கோழிக்கள்ளன் மாதிரி ஒளிக்கிறதோ?”

பிறகு விட்டுவிட்டாள். இப்போது கமராவைக் கண்டால் அவளே எனக்குக் கண் காட்டுவாள்.

இதில் எழுதும் பெயர்கள் மாற்றியவை. மன்னார் என்பது பெரிய இடம். அதற்கு மேலே கேட்காதீர்கள்.

பெட்டியில் ஒட்டின பெயர்

இளந்தாரியாக இருக்கும்போது நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் ஒரு மீன் ஆலையில் மீன் வெட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த வேலை போதும். கத்தி, மீன், குளிர். கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில வருடம் போகக் கிழக்கிலிருந்து மீன்கப்பல்கள் வரத் தொடங்கின. இறங்குகிற எல்லாரும் எங்களுக்கு ரஷ்யன்தான். அதில் ஒருவன் எங்கள் சாப்பாட்டு அறைக்கு வந்து கோப்பி குடிப்பான். பெரிய உருவம். ஒருநாள் நோர்வேக்காரன் ஒருவன், “ரஷ்யன், இஞ்சை வா” என்று கூப்பிட்டான். இவன் மேசையில் குத்தினான். கோப்பைகள் துள்ளின.

“ரஷ்யன் இல்லை. உக்ரைன்.”

நாங்கள் சிரித்தோம். வித்தியாசம் தெரியாது. எங்களையும் அங்கே இந்தியர் என்றுதான் சொல்வார்கள். நாங்களும் முதலில் மேசையில் குத்தினவர்கள்தான். பிறகு கை நொந்து விட்டுவிட்டோம்.

அந்த ஊர் மண்டபத்துக்கு இடைக்கிடை படம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவனும் எங்களோடு வந்து இருப்பான். படத்தின் பேச்சு அவனுக்கும் விளங்காது. எங்களுக்கும் விளங்காது. ஆரும் சிரித்தால் நாங்களும் சிரிப்போம்.

ஒருநாள் அவனிடம் கையாலும் அரைகுறைச் சொல்லாலும் கேட்டேன். “உங்கடை நாட்டிலை படம் எடுக்கிறேல்லையோ?”

“எடுக்கிறம். ஆனால் பெட்டியிலை வேறை பேர் ஒட்டித்தான் வெளியிலை போகும்.”

எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

எங்கள் சண்டையையும் எங்கள் இயக்கப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். கசட்டில் வரும். எந்த விழாவும் அதைக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நாங்களே போட்டு நாங்களே பார்த்தோம். நாங்கள் கதையைப் பார்க்கவில்லை. பின்னால் கூட்டத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளை நிற்கிறதா என்று முகங்களைப் பார்த்தோம். யாராவது ஒரு தாய் “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்று கத்துவா. படத்தை நிற்பாட்டுவார்கள். அவ திரைக்குக் கிட்டப் போய்ப் பார்ப்பா. பிறகு, “இல்லை, ஓட விடு” என்று சொல்லிவிட்டு வந்து இருப்பா.

மண்டபம் முழுக்க அப்போது மூச்சு விடும்.

கார்த்திக்கின் தமிழ்

ஒக்சானா வெஸ்ட்லியில் எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறாள். மெற்றோவின் கடைசித் தரிப்பு. விடிய ஒன்றாகப் போவோம், பின்னேரம் ஒன்றாக வருவோம். இருவரும் கதைப்பது உடைந்த நோர்வேஜிய மொழி. நான் என் வாய்க்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

சண்டை தொடங்கினபோது அவள் ஊரில், வீட்டுக்குக் கீழே இருந்த நிலவறையில் சனத்துக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்திருக்கிறாள். ஹலீனா என்ற ஒரு பெண் அதைப் படம் எடுத்தார். ஊர் பிடிபட்டது. இவர்கள் இருவரும் வெளியேறிவிட்டார்கள். தகப்பன் வரவில்லை. முழங்கால் நோ, பஸ் ஏறமாட்டேன் என்று சொன்னாராம். எனக்கு அந்த மாதிரி மனிதர்களைத் தெரியும். முழங்கால் காரணம் இல்லை.

ஹலீனாவின் அந்தப் படம்தான் இந்த விழாவுக்கு வந்தது.

விழா நாட்களில் திரையரங்கு முழுக்கக் கமரா. ஒக்சானா கொரோனாக் காலத்தில் மிஞ்சின காகித மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்வாள். நான் தொப்பியை இழுத்து விட்டுக்கொள்வேன்.

“கள்ளர் இரண்டு பேர்” என்பாள்.

“ஓம். களவெடுக்கத்தான் ஒண்டுமில்லை” என்பேன்.

விழாவில் சம்பளமில்லாமல் புகைப்படம் பிடித்தவர் கார்த்திக். தமிழ்நாட்டுக்காரர். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, தலையில் நரை விழத் தொடங்கிவிட்டது. முதல் நாள் என்னை “சார்” என்றார். அடுத்த நாள் “அண்ணா” ஆகிவிட்டேன்.

“அண்ணா, அப்படியே கதவுகிட்ட நில்லுங்க. லைட்டிங் சூப்பரா இருக்கு. ஹீரோ மாதிரி இருக்கீங்க.”

“வில்லனும் கதவடியிலைதான் நிப்பான் தம்பி. விடுங்கோ.”

விட்டார். நல்ல மனிதர்.

ஹலீனா முதல் நாளே வந்துவிட்டார். மெலிந்த பெண். கதவு பலமாக அடிபட்டால் தோள் துள்ளும். கோப்பி மேசையில் அவர், ஒக்சானா, கார்த்திக், நான். ஹலீனாவுக்கு நோர்வேஜிய மொழி தெரியாது, ஆங்கிலத்தில் கதைத்தார். கார்த்திக் தமிழில் சொன்னார்.

நான் கேட்டேன். “ஊரிலை ஷெல் விழுகுது. இதுக்கை படம் எடுத்து என்ன?”

“அண்ணா, இதே கேள்விய அவங்க அம்மாவும் கேட்டாங்களாம்” என்றார் கார்த்திக். நானும் அவரும் சிரித்தோம். ஹலீனா சிரிக்கவில்லை.

பிறகு அவர் கனநேரம் சொன்னார். கார்த்திக் துண்டு துண்டாகச் சொன்னார். அங்கே படம் ஓடும்போது சைரன் அடித்தால் எல்லாரும் பங்கருக்குப் போய்விட்டு வந்து மிச்சத்தைப் பார்க்கிறார்களாம். கரண்ட் இருந்தால்தான் மிச்சம். அவரோடு கமரா பிடித்த ஒரு பிள்ளை கமராவை வைத்துவிட்டுத் துவக்கைத் தூக்கிச் சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. அரைகுறையாய் நின்ற படத்தை வெளிநாட்டு விழாக்கள்தான் கை கொடுத்து முடிக்க வைத்தன. ஒரு விழா வெட்டி ஒட்ட அறை கொடுத்தது. இன்னொன்று சத்தம் சேர்க்க ஆள் கொடுத்தது. விழாவில் பார்க்கிறவர்கள் தங்கள் நாட்டுத் தொலைக்காட்சிக்கு வாங்குவார்கள். அந்தக் காசில் அடுத்தவர் படம் எடுப்பார்.

“முன்னாடி இவங்க படம் எல்லாம் பெரிய நாட்டுப் பேர்லதான் வெளிய போகுமாம். இப்பதான் விழாவுல உக்ரைன்னு தனி வரிசை போடறாங்களாம். படம் இருக்கற நாட்டை, இல்லவே இல்லன்னு சொல்றது கஷ்டம்ங்கறாங்க.”

பாட்ஸ்பியோர்டில் மேசையில் குத்தினவன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் சொன்ன பெட்டி அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

“ஆனா ஒரு பிரச்சினை அண்ணா. இந்தப் படத்துல ஒக்சானா முகமே இல்ல. கை மட்டும்தான். முகம் இல்லாத படம் வேணாம்னு ரெண்டு மூணு விழா திருப்பி அனுப்பிட்டாங்களாம். பாக்கறவங்களுக்கு ஒரு முகம் வேணுமாம்.”

“ஹலீனா என்ன சொன்னவ?”

“ஒக்சானாவோட அப்பா அங்க இருக்கற வரைக்கும் முகம் கிடையாதுன்னுட்டாங்களாம்.”

ஹலீனாவை நிமிர்ந்து பார்த்தேன். அங்கே வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் கேட்பார்களா என்று கேட்க நினைத்தேன்.

கறுப்புச் சட்டை

படம் காட்டும் நாள், விழாவின் இரண்டாவது கிழமை. கார்த்திகை மாதத்து ஒஸ்லோ. பகல் என்று ஒன்று வந்ததா என்று தெரியாமலே போய்விடும்.

மெற்றோவில் ஒக்சானா எனக்கு முன்னால் இருந்தாள். மாஸ்க் இல்லை. தலை வாரி இழுத்திருந்தாள். கறுப்புச் சட்டை. உதட்டில் சாயம்.

“மாஸ்க் எங்கை?”

“முடிஞ்சுது.”

“என்னட்டைக் கிடக்கு. தரட்டோ?”

“வேண்டாம்.”

கொஞ்சத் தூரம் போனது.

“சூசை, உங்கடை ஆக்கள் செத்தால் எத்தினை நாளைக்குக் கறுப்பு?”

“முப்பத்தொண்டு கழியும் மட்டும்.”

“எங்களுக்கு நாப்பது.”

ஊர் வழக்கம் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் இப்படி ஏதாவது கேட்பாள்தான். எங்கள் சம்பலுக்கு ஏன் இவ்வளவு உறைப்பு என்றும் கேட்டிருக்கிறாள்.

“இண்டைக்குப் படம் முடிய மேடையிலை ஏறப்போறன்.”

எனக்கு விளங்க நேரம் எடுத்தது.

“ஆர் கேட்டது? ஹலீனாவோ?”

“நான்தான் கேட்டனான்.”

“உனக்கென்ன விசரோ? ஊரிலை இருக்கிற கொப்பரை நினைச்சனியோ?”

ரயில் சுரங்கத்துக்குள் போனது. கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

“நீ உன்ரை லைற்றைப் பார்” என்றாள்.

திரையரங்கில் கால் வைத்ததும் கார்த்திக்கிடம் போனேன். விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“நான் கேமராவத் தொடவே மாட்டேன் அண்ணா. ஆனா உள்ள வர்றவங்க எல்லார் கையிலயும் போன் இருக்கே.”

மண்டபப் பொறுப்பாளரிடமும் சொன்னேன். படம் எடுக்க வேண்டாம் என்று அவர் தொடக்கத்திலேயே அறிவித்தார். நோர்வேஜிய மொழியிலும் சொன்னார், ஆங்கிலத்திலும் சொன்னார். சனம் தலையாட்டியது. படம் முடிய மறந்துவிட்டது.

படம் சின்னப் படம். நிலவறை. ஒரு மெழுகுதிரி. இரண்டு கைகள் மா குழைக்கின்றன. மேலே ஷெல் விழும் சத்தம். கைகள் நிற்கும். மாவிலிருந்து எடுக்காமல் அப்படியே நிற்கும். சத்தம் அடங்கினதும் திரும்பக் குழைக்கும். அதுதான் படம் முழுக்க. கடைசியில் ஒரு கிழவனின் கை வந்து ரொட்டியை வாங்கும். பெருவிரல் நகம் கறுத்திருக்கும்.

அந்தக் கை வந்தபோது ஒக்சானாவின் முதுகைப் பார்த்தேன். அசையவில்லை.

இருட்டு

விளக்கைப் போட்டதையும் அவள் எழும்பி நடந்ததையும் முதலே சொன்னேன். போன்கள் எழும்பியதையும் சொன்னேன்.

நான் எல்லாச் சுவிட்சையும் ஒன்றாகக் கீழே இழுத்தேன்.

மண்டபம் கறுத்தது. வெளியேறும் வழி காட்டும் பச்சை விளக்கு மட்டும்.

பாராளுமன்றத்துக்கு முன்னால் எனக்கு ஒருவரும் விளக்கை அணைக்கவில்லை. அதுதான் மனதில் இருந்தது. ஒன்றை மறந்துவிட்டேன். மண்டபத்தில் பாதிப்பேர் உக்ரைன் சனம். திடீரென்று இருட்டினால் அவர்களுக்கு வேறு அர்த்தம்.

ஒரு பெண் கத்தினாள். குழந்தை ஒன்று வீரிட்டது. கதிரைகள் அடிபட்டன. பச்சை வெளிச்சத்தில் பார்த்தேன். தலைகள் இல்லை. சனம் கதிரைகளுக்கு இடையில் குனிந்துவிட்டது. தலைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு. நாங்கள் ஊரில் குனிகிற அதே மாதிரி.

நான் செய்த வேலை இது.

மேடைப் பக்கமிருந்து ஒக்சானாவின் குரல் வந்தது. முதலில் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போல. கத்தின பெண் அடங்கினாள். பிறகு நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

“சூசை. லைற்றைப் போடு.”

நான் போடவில்லை.

“போடு சூசை.”

“போன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள். கொப்பர்...”

“அப்பா செத்திட்டார். போன கிழமை. இனி ஆருக்காக ஒளிக்கிறது? போடு.”

போட்டேன்.

சனம் ஒவ்வொருவராக நிமிர்ந்தது. அவள் மேடையில் நேராக நின்றாள். கறுப்புச் சட்டையில் ஒரு சுருக்கமில்லை. தகப்பனின் முழுப்பெயரைச் சொன்னாள். ஊரின் பெயரைச் சொன்னாள். “அந்தக் கடைசிக் கை அவருடையது” என்றாள். பிறகு படம் எடுக்கிறவர்கள் எடுத்து முடியும்வரை நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை. ஹலீனா பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் போனைத் தூக்கின பின்வரிசை ஆள் என்னைக் கடந்து முதலாவதாக வெளியே போனான். என் முகத்தைப் பார்த்தான். ஆர் என்று இன்றைக்கும் தெரியாது. படம் பார்க்க வந்த ஒரு சாதாரண மனிதனாக இருக்கலாம்.

பேனா

சனம் போனபிறகு ஒக்சானா பாப்கோர்ன் கூட்டினாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. இருவரும் கூட்டினோம். குனிந்த இடங்களில் தொப்பி, கையுறை, பிள்ளையின் சப்பாத்து ஒன்று எல்லாம் கிடந்தன. எடுத்து மேசையில் வைத்தோம்.

மெற்றோவில் கேட்டேன். “எனக்கேன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ அழுவாய். வேலை கிடந்தது.”

“மன்னிச்சுக்கொள். அந்தப் பிள்ளையளைப் பயப்படுத்திப்போட்டன்.”

“நீயும்தானே பயந்தனி.”

வெஸ்ட்லி வரப்போகிறது. சனம் இறங்கிக் குறைந்துவிட்டது.

“நீயும் ஒருநாள் லைற்றைப் போடுவாய் சூசை.”

“அந்த நாள் வராமல் கிடக்கட்டும்” என்றேன்.

அவளுக்கு விளங்கியது. என் கையில் தட்டினாள்.

அந்தப் படத்தை இப்போது வேறு விழாக்களும் கூப்பிடுகின்றன. முதலில் வேண்டாம் என்ற ஒரு விழாவும் கூப்பிட்டிருக்கிறதாம். எங்கே போனாலும் அவள் மேடையில் நின்ற முகம்தான் சுவரொட்டியில். அவர்களுக்கு வேண்டிய முகம் கிடைத்துவிட்டது. அதற்குக் கொடுத்த விலை அவளுக்குத் தெரியும்.

அவள் திரும்ப விளக்கைப் போடச் சொன்னபிறகு கார்த்திக்கும் ஒரு படம் எடுத்திருந்தார். எனக்குப் போனில் அனுப்பினார். மேடையில் அவள். ஓரத்தில், கதவடியில், சுவிட்சில் கை வைத்தபடி பாதி நான். என் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கிழவனாகிவிட்டேன்.

“அண்ணா, உங்கள கட் பண்ணிட்டுதான் போடுவேன். பயப்படாதீங்க” என்று கீழே எழுதியிருந்தார்.

ரெஜினா அதைக் கனநேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கிறியள்” என்றாள். பிறகு தானே அழித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய அக்காவுக்குப் போன் எடுப்பேன். அங்கே மணி அடிக்கும். எடுக்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை. “ஆர், தம்பியோ?” என்பா. விடுவேன். கிளாஸ் இன்னும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறதாம். தூசி தட்டக்கூடத் தொடுவதில்லையாம்.

இந்த வாரமும் ஆசிரியர் படம் கேட்டார். பேனாவையே போடச் சொன்னேன்.

எப்போதாவது இந்தப் பக்கத்தின் மேலே என் முகத்தைக் கண்டால், என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள். அக்காவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள்.